மூணு மாச அரிசி

"ண்ணா, பி.எஃப். காசை எடுத்துட்டு வேலைய வுட்டுடலாமா? இன்னா சொல்றீங்க?"

மண்ணூர் காலனித் தம்பி ஒருவன் போன மாதம் என் கவுண்டருக்கு முன்னால் நின்று கேட்டது இது. வயசு இருபத்திரண்டு. டிப்ளமோ மெக்கானிக்கல். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. ரெண்டு வருஷத்தில் இது இரண்டாவது காண்ட்ராக்டர். ஏழாம் தேதி சம்பளம் ஏறுகிறது, ஒன்பதாம் தேதி கணக்கில் 212 ரூபாய் நிற்கிறது. (வாடிக்கையாளர் கணக்கை வெளியே பேசக் கூடாது என்பது குமாஸ்தாவுக்குத் தெரியும். பேர் போடாதீங்க, லைன்ல பார்த்தா வம்பு என்ற நிபந்தனையோடு அவனே எழுதச் சொன்னது இது.)

"எட்டு மணி நேரம் நின்னுக்கினே ஒரே ஸ்க்ரூவ முடுக்கினு இருக்கேன்ணா. இதுக்கா டிப்ளமோ படிச்சேன்? முப்பது வயசுலயும் இங்கயேதான் நிப்பேனா? நிக்கறதுகூடப் பரவால்ல, நிக்க வுடுவானா? பேசாம குரூப் ஃபோர் படிக்கலாம்னு பாக்கறேன்."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அப்போது சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். அவனுக்கு மட்டுமென்றால் டீக்கடையில் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். தலித் விடுதலை பேசுகிற நம்மிடம் அவன் கேள்விக்குப் பதில் இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. நிலம் பேசியிருக்கிறோம், இட ஒதுக்கீடு பேசியிருக்கிறோம், கோயில் நுழைவு, பறை, பண்பாடு எல்லாம் பேசியிருக்கிறோம். மாசம் பதினாறாயிரம் சம்பளம் வாங்குகிற சேரிப் பையன் அந்தக் காசை என்ன செய்வது என்று ஒரு கூட்டத்திலாவது பேசியிருக்கிறோமா? பேசினால் 'குட்டி முதலாளித்துவப் புத்தி' என்பார் ஒரு தோழர். கவிதை எழுதுகிறவன் வட்டிக் கணக்குப் பேசுகிறானே என்று இன்னொரு தோழர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

நாம் பேசாத இடத்தில் வேறு ஆட்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு லட்சம் போட்டால் மாசா மாசம் முப்பதாயிரம் என்று சொல்லித்தான் ஆருத்ரா கோல்டு நிறுவனம் வசூலித்தது. 2022ல் அது பிடிபட்டபோது போலீஸ் சொன்ன கணக்கு, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய். மாசம் முப்பது சதவீதம் எந்தத் தொழிலிலும் கிடைக்காது என்று சொல்ல ஊருக்கு ஒரு ஆள் இருந்திருந்தால் போதும். அந்த ஆளாக நாம் இருந்திருக்க வேண்டும்.

சரி, 'சிக்கனம்' என்ற சொல்லை முதலில் தட்டிப் பார்த்துவிடலாம். எங்கள் கிளைக்கு வரும் பெரிய மனிதர் ஒருவர் (ரியல் எஸ்டேட், சொந்தமாகக் கல்யாண மண்டபம்) என்னிடமே சொன்னார்: "இவங்களுக்கு எவ்ளோ சம்பளம் வந்தாலும் கையில நிக்காது சார்." 'இவங்க'ளில் நானும் உண்டு என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால் வேறு கவுண்டருக்குப் போயிருப்பார். சேமிக்கத் தெரியாதவர்கள், குடித்து அழிப்பவர்கள், அதனால் ஏழைகள் - சாதி தன்னைப் பொருளாதாரமாக வேஷம் கட்டிக்கொண்டு பேசுகிற பேச்சு இது.

காசு ஏன் நிற்கவில்லை என்பதற்கு எழுத்துபூர்வமான சாட்சி இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் அன்றைக்கு செங்கல்பட்டு ஜில்லா. அதன் கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891ல் இந்த ஜில்லாவின் பறையர்கள் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கின சின்னக் கடனுக்காக ஆளே படியாளாகக் கட்டுண்டு கிடந்ததும், அப்பன் பட்ட கடன் மகன் தலையில் இறங்கியதும் அதில் பதிவாகியிருக்கின்றன. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892ல் அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்கிற நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அதுதான் நம் ஜனங்களுக்கு முதல் சேமிப்பு. அது யார் யார் கைக்குப் போனது என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைத் திருப்பிக் கேட்டதற்கு 1994 அக்டோபர் 10ல் காரணைப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரின் உயிர் போனது. நிலத்தைப் பிடுங்கிக்கொண்டவன் 'உனக்குச் சேமிக்கத் தெரியலை' என்கிறான்!

என் தாத்தா படியாள். கூலி நெல்லாக வந்தது. அப்பா செங்கல் சூளை. முன்பணம் வாங்கிவிட்டுத்தான் மண் மிதிக்கவே ஆரம்பிப்பார். மாசச் சம்பளம் என்ற ஒன்றைக் குடும்பத்தில் முதலில் பார்த்தவன் நான். 2013ல் வங்கியில் சேர்ந்தேன். பதினாலே மாசத்தில் மூன்று கடன். அக்கா கல்யாணம், கூரை மாற்றி ஷீட்டு போட்டது, சித்தப்பா மகனுக்குக் காலேஜ் ஃபீஸ், அப்புறம் நானே போட்ட ஒரு சிற்றிதழ். இரண்டாவது இதழ் இன்னும் பரண் மேலே கட்டுக் கட்டாக இருக்கிறது, வேண்டுகிறவர்கள் எழுதலாம். இதில் எது ஊதாரித்தனம்? கடைசியைத் தவிர ஒன்றுமில்லை என்பாள் என் மனைவி. பக்கத்து சீட்டுக்காரர் என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவர், அதே சம்பளம். அவர் அப்பா ஓய்வுபெற்ற தாசில்தார். அவர் சம்பளம் அவருக்கு, என் சம்பளம் பதினொரு பேருக்கு. ரெண்டு பேருக்கும் 'வருமானத்தில் இருபது சதவீதம் சேமியுங்கள்' என்று ஒரே அறிவுரையைச் சொல்கிறவனுக்குக் கணக்கும் தெரியாது, நாடும் தெரியாது.

இவ்வளவு சொன்ன பிறகும் தம்பியின் கேள்வி அப்படியே நிற்கிறது. சரித்திரத்தைச் சொல்லி அனுப்பினால் பத்தாம் தேதிக்கு அவன் என்ன செய்வான்?

அவன் கேள்வி அம்பேத்கருக்கும் இருந்தது. வாழ்க்கை வரலாற்றில் நாம் வேகமாகத் தாண்டிவிடுகிற பக்கம் இது. 1917ல் பரோடாவில் தங்க இடம் கொடுக்காமல் விரட்டினார்கள். பம்பாய்க்குத் திரும்பியவர் டியூஷன் எடுத்தார். பங்கு வாங்கி விற்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு தொழில் தொடங்கினார். ஆமாம், பங்குச் சந்தை ஆலோசனை! ஆலோசனை சொல்கிறவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவது நின்றது, தொழில் படுத்தது. கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர் சொன்ன கணக்கும் தீட்டாகிப் போனது. 1918 நவம்பரில் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. நல்ல வேலை. ஆனால் பாதியில் விட்ட லண்டன் படிப்பு அரித்துக்கொண்டிருந்தது. அப்போது என்ன செய்தார்? மறுநாளே வேலையை விட்டுவிட்டுக் கப்பல் ஏறவில்லை. ஒண்டுக் குடித்தன வீட்டில் இருந்துகொண்டு, ரமாபாய் வயிற்றைக் கட்டிக் குடும்பம் நடத்த, சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். 1920ல் வேலையை விட்டார். சேமிப்பு, கோலாப்பூர் சாகு மகராஜ் செய்த உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய ஐயாயிரம் கடன் - இந்த மூன்றையும் வைத்துத்தான் லண்டன் போனார். 1923ல் ரூபாயின் பிரச்சினை பற்றிய புத்தகம் வந்தது. ரமாபாய் மிச்சம் பிடித்த காசும் அதன் முதலீட்டில் உண்டு என்று நான் சொல்வேன். சிலை வைக்கும்போது ரமாபாயை விட்டுவிடுகிறோம்.

ஆகவே தம்பி, வேலையை விடுவது தப்பே இல்லை. வெறுங்கையோடு விடுவதுதான் ஆபத்து. 2025 குரூப் ஃபோருக்கு முதலில் அறிவித்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். எழுது, கட்டாயம் எழுது, அந்த நாற்காலிகளில் நம் ஆள் உட்கார வேண்டும். ஆனால் மூணாம் மாசம் அம்மா குழு லோன் கட்ட முடியாமல் நிற்கும்போது புத்தகத்தை மூடிவிட்டு, இதைவிட மோசமான காண்ட்ராக்டரிடம் போய் நிற்பாய். அவனுக்கு உன் அவசரம் தெரியும். அவசரத்தில் இருக்கிற ஆளைத்தான் அவன் தேடுகிறான்.

'கம்பெனி வேலைதானே, நிரந்தரம்' என்று சமாதானம் சொல்லவும் என்னால் முடியாது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் 2006ல் உற்பத்தி தொடங்கியது. 2014 நவம்பர் 1ல் கதவு சாத்தினார்கள். இருபதுகளில் இருந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள், பாதிக்கு மேல் பெண்கள், விருப்ப ஓய்வு என்ற பேரில் மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். இருபத்தைந்து வயசில் விருப்ப ஓய்வு! நிரந்தரத் தொழிலாளிக்கே அந்தக் கதி. காண்ட்ராக்ட் ஆளைப் பற்றி என்ன சொல்ல?

இனி பே ஸ்லிப்புக்கு வருவோம். தம்பி அதை இதுவரை படித்ததே இல்லை. 'பிடிச்சுக்கறாங்கண்ணா' என்று மட்டும் தெரியும். மொத்தம் 16,000, அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 10,000. பி.எஃப். பிடித்தம் அந்தப் பத்தாயிரத்தில் 12 சதவீதம், 1,200. இ.எஸ்.ஐ. பதினாறாயிரத்தில் முக்கால் சதவீதம், 120. கையில் வருவது 14,680. 'ஆயிரத்து முன்னூத்தி இருபது போச்சு' என்று நினைக்கிறான். போகவில்லை தம்பி. நீ போடுகிற 1,200க்குச் சமமாக முதலாளியும் 1,200 போட வேண்டும். அதில் 833 ரூபாய் உன் பென்ஷன் கணக்குக்கு, 367 உன் பி.எஃப். கணக்குக்கு. ஆக மாசம் 1,567 ரூபாய் உன் பேரில் ஏற வேண்டும். வருஷத்துக்கு 18,804. 2024-25க்கு வட்டி 8.25 சதவீதம், தபால் ஆபீஸ் ஆர்.டி.யைவிட அதிகம். உன் தாத்தா பேரில், அப்பா பேரில் எந்தக் காகிதத்திலும் இல்லாத சொத்து இது.

ஆனால் 'ஏற வேண்டும்' என்று எழுதினேன், 'ஏறும்' என்று எழுதவில்லை. ஸ்லிப்பில் பிடித்தம் இருக்கும், பி.எஃப். பாஸ்புக்கில் வரவு இருக்காது. இந்தத் திருட்டை நான் பல கணக்குகளில் பார்த்திருக்கிறேன். செல்போன் இல்லாத பையன் இந்தக் காரிடாரில் யாருமில்லை. உமங் ஆப்பில் மாசம் ஒரு தடவை பாஸ்புக்கைத் திறந்து பார்க்க ரெண்டு நிமிஷம் போதும். காண்ட்ராக்டர் கட்டவில்லையென்றால், கட்ட வேண்டிய பொறுப்பு அவனை வேலைக்கு வைத்த கம்பெனிக்கு உண்டு. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கேட்கத்தான் ஆள் வேண்டும். ஒருத்தன் கேட்டால் கேட்டுக்கு வெளியே, நாற்பது பேர் கேட்டால் வரவு வைப்பார்கள்.

அடுத்தது பத்து வருஷக் கணக்கு. பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புதிய நம்பர் போடுகிறார்கள். பையனும் பழைய காசை எடுத்துச் செலவழித்துவிடுகிறான். பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்தால் அதுவரை வேலை பார்த்த சர்வீஸ் பூஜ்யம், மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். இப்படி ஐம்பது வயசு வரை உழைத்தும் பத்து வருஷம் சேராதவன் ஆகிறான். பதினோரு மாச காண்ட்ராக்ட் யார் புத்தியில் உதித்ததோ! எடுக்காமல் பழைய கணக்கைப் புதுக் கணக்கோடு மாற்றிச் சேர்த்தால் சர்வீஸ் தொடரும். குறைந்தபட்ச பென்ஷன் ஆயிரம் ரூபாய்தான், 2014லிருந்து அதே ஆயிரம், அது வெட்கக்கேடு. அதை உயர்த்தக் கேட்பது வேறு போராட்டம். கிடைக்க வேண்டிய ஆயிரத்தையும் விட்டுவிட்டு அந்தப் போராட்டத்துக்கு வர முடியாது.

இ.எஸ்.ஐ. 120 ரூபாயைச் சொல்லாமல் விடக் கூடாது. காய்ச்சலில் படுத்தால் சம்பளம் போச்சு என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு லைனில் நிற்கிறார்கள். ஆறு மாசக் கணக்கில் 78 நாள் பணம் கட்டியிருந்தால், டாக்டர் சான்றின் பேரில் வருஷத்துக்கு 91 நாள் வரை தினக்கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். இந்தத் திட்டத்துக்கு அடிப்படையான அதார்கர் அறிக்கை 1944ல் வந்தபோது வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை யார் கையில் இருந்தது? அம்பேத்கர் கையில். ஜெயந்தி பேனரில் அதை ஒருத்தரும் அச்சடிப்பதில்லை.

ஒரு சாவைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. நைட் ஷிஃப்ட் முடிந்து விடியற்காலையில் வண்டியில் வந்த பையன், லாரி. இந்த ரோட்டில் இது செய்திகூட இல்லை. ரெண்டு வருஷம் முன்னால் அவன் அம்மா ஒரு மஞ்சள் பையோடு என் கவுண்டருக்கு வந்தார். பி.எஃப்.-ல் இருக்கிற தொழிலாளி வேலையில் இருக்கும்போது இறந்தால், சேர்ந்திருக்கும் காசு போக, காப்பீடாக அதிகபட்சம் 7 லட்சம் வரை குடும்பத்துக்கு உண்டு. அதற்குத் தொழிலாளி சம்பளத்தில் ஒரு பைசாவும் பிடிப்பதில்லை, முதலாளிதான் கட்ட வேண்டும். பையன் நாமினி போடவில்லை. ஆதாரில் ஒரு இனிஷியல், பி.எஃப்.-ல் ஒரு இனிஷியல். அந்த அம்மா வாரிசுச் சான்று, பேர் திருத்தம் என்று மேசை மேசையாக நடந்தது எட்டு மாசம். "எம் புள்ள பேர நானே வச்சேன் சாமி, அது தப்புன்றாங்க" என்றார். சாமி என்று கூப்பிடாதீங்கம்மா, நானும் காலனிதான் என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதார். நாமினி போட அஞ்சு நிமிஷம் ஆகும்.

கடன் விஷயத்தில் தம்பியைக் கடிந்துகொள்ள எனக்கு மனசில்லை. வண்டி டியூ 3,900, குழு லோன் 2,400, செல்போன் டியூ 1,500, மிச்சம் அம்மா கையில். வண்டி ஆடம்பரம் என்கிறவர்கள் நைட் ஷிஃப்ட் முடிந்து மெயின் ரோட்டிலிருந்து காலனி வரை நடந்து பார்க்கட்டும். நம் பிள்ளை புது வண்டியில் ஊர்த்தெரு வழியாகப் போகிறபோது யார் யார் முகம் எப்படி மாறுகிறது என்றும் பார்த்திருக்கிறேன், அதற்காகவே வாங்கலாம். என் சண்டை ஒன்றே ஒன்று: பதினோரு மாச வேலையை நம்பி முப்பத்தாறு மாசக் கடன். மீதி இருபத்தைந்து மாசத்துக்கு நீ யாருக்குப் படியாள்? அந்த டியூ இருக்கிறவரை சூப்பர்வைசர் அசிங்கமாகத் திட்டினாலும் தலை குனிந்துதான் நிற்பாய்.

கையில் இருப்பு வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். 2024 செப்டம்பர் 9லிருந்து 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் சுங்குவார்சத்திரத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள், ஆயிரம் பேருக்கு மேல். சங்கம் வைக்கிற உரிமைக்காக. அத்தனை நாளும் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தாக வேண்டும். அவர்கள் நிரந்தரத் தொழிலாளிகள். 212 ரூபாய் வைத்திருக்கிறவன் 37 நாள் உட்கார முடியுமா? மூணு மாச அரிசி வீட்டில் இருக்கிறவனால்தான் முதலாளியைப் பார்த்து முடியாது என்று சொல்ல முடியும். சேமிப்பைக் குட்டி முதலாளித்துவம் என்கிற தோழர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

தம்பி வீட்டுக்கு மாசம் ஆறாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் ஆகிறது. மூணு மாசத்துக்கு இருபதாயிரம். செல்போன் டியூ நாலு மாசத்தில் முடிகிறது. முடிந்த மாசமே அதே 1,500ஐ ஆர்.டி.க்குத் திருப்பினால் பதினாலு மாசத்தில் 21,000. அவன் புதிதாக எதையும் குறைக்க வேண்டாம். புது செல்போன் வாங்காமல் இருந்தால் போதும். (இது ரொம்பக் கஷ்டம் என்று சிரித்தான்.) ஆனால் அதற்கு முன்னால் அவன் அம்மா பக்கத்துத் தெருவில் நூத்துக்கு அஞ்சு வட்டிக்கு வாங்கின எட்டாயிரம் இருக்கிறது. வருஷத்துக்கு அறுபது சதவீதம். ஆறே முக்கால் சதவீத ஆர்.டி.யைப் போட்டுவிட்டு அறுபது சதவீத வட்டி கட்டுவது யாருக்கு லாபம்? முதலில் அதை அடைக்க வேண்டும். எங்கள் வங்கியில் என் மேனேஜருக்கு இது பிடிக்காத அறிவுரை, டெபாசிட் டார்கெட் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காலனி ராத்திரிப் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்தோம். தம்பி தன்னோடு நாலு பேரைக் கூட்டி வந்திருந்தான். ரெண்டு பேர் லைன் வேலை, ஒருத்தன் கேன்டீன், ஒருத்தி பேக்கிங். அஞ்சு பேரின் பே ஸ்லிப்பையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பேக்கிங் தங்கச்சிக்கு மூன்று நம்பர், மூன்றிலும் பேர் வேறு வேறு எழுத்து. கேன்டீன் பையனுக்கு ஏழு மாசமாகப் பிடித்தம் இருக்கிறது, வரவு ஒன்றுமில்லை. "இது என் காசுதானண்ணா?" என்று மூணு தடவை கேட்டான். புகார் எழுத உட்கார்ந்தபோது கரண்ட் போய்விட்டது. அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு மறுபடி கூடுகிறோம். கேன்டீனில் அவனோடு வேலை செய்கிற பதினெட்டுப் பேரையும் ஸ்லிப்போடு வரச் சொல்லியிருக்கிறான்.